தலைமை ஏற்க மறுத்தவர்: சர்ரே கவுண்டி, 1909 – ஒரு நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட நிகழ்வு

இங்கிலாந்தின் சர்ரே கவுண்டி (மாவட்ட) கிரிக்கெட் கிளப், 1909 கோடையில், தன் அணியின் மிகச் சிறந்த இளம் ஆட்டக்காரரை இனி ஆட அழைப்பதில்லை என்று முடிவெடுத்தது. அவருக்கு அப்போது வயது 22. சம்பளம் வாங்காமல் ஆடிய அமெச்சூர். ஓர் ஆட்டத்துக்கு மட்டும் கேப்டனாக இருக்கும்படி கேட்டார்கள். தன் கையில் கொடுக்கப்பட்ட அணியைப் பார்த்துவிட்டு, முடியாது என்றார். அதற்குக் கிடைத்த பதில் அந்தத் தீர்மானம். பிறகு அவர் கப்பலேறி ஆஸ்திரேலியா போய், அடிலெய்ட் நகரில் பள்ளி ஆசிரியரானார். இங்கிலாந்துக்காக மறுபடி ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை.

இந்த விவகாரத்தில் நேரடியாகச் சம்பந்தப்பட்டவர்களைப் பெயர் சொல்லாமல், அவரவர் பொறுப்பைக் கொண்டே குறிப்பிடுகிறேன். கிரிக்கெட் வரலாறு படித்தவர்களுக்கு ஆள் யாரென்று உடனே தெரிந்துவிடும். ஆனால் பெயர் முன்னால் வந்தால், அவர் திமிர் பிடித்தவரா, கிளப் தலைவர் பிடிவாதக்காரரா என்று பேச்சு ஆட்களின் குணத்தைச் சுற்றியே போய்விடுகிறது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கதை அப்படித்தான் சொல்லப்பட்டு வருகிறது. நான் பார்க்க விரும்புவது முடிவெடுத்த முறையை. விளையாட்டுச் சங்கமோ பள்ளி அணியோ நடத்துகிறவர்களுக்கு அதில்தான் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறது.

பின்னணி: இரண்டு வகை ஆட்டக்காரர்கள்

அன்றைய இங்கிலாந்து கிரிக்கெட்டில் ஒரே அணிக்குள் இரண்டு சாதிகள் இருந்தன என்றே சொல்லலாம். கூலி வாங்கி ஆடுகிறவர் தொழில்முறை ஆட்டக்காரர். கூலி வாங்காதவர் அமெச்சூர், அதாவது கனவான். உடை மாற்றும் அறை தனித்தனி. பல மைதானங்களில் உள்ளே இறங்கும் வாசல்கூடத் தனித்தனி. ஸ்கோர் அட்டையில் அமெச்சூரின் முதலெழுத்துகள் பெயருக்கு முன்னால் வரும். தொழில்முறை ஆட்டக்காரருக்குப் பின்னால். 1950 வாக்கில்கூட, லார்ட்ஸ் மைதானத்தில் ஃப்ரெட் டிட்மஸ் என்ற இளம் தொழில்முறை ஆட்டக்காரரின் பெயர் அட்டையில் முன்பின் மாறி அச்சாகிவிட்டது என்று ஒலிபெருக்கியில் திருத்தம் சொன்னார்கள். கனவான்களுக்கும் கூலிக்காரர்களுக்கும் இடையே ஆண்டுதோறும் தனி ஆட்டமே நடந்தது. 1806-இல் தொடங்கிய அது 1962 வரை நீடித்தது.

கேப்டன் பதவி அமெச்சூருக்கு உரியது. அணியில் அவரைவிட அனுபவசாலிகள் பத்துப் பேர் இருந்தாலும் அப்படித்தான். தொழில்முறை ஆட்டக்காரரான லென் ஹட்டன் இங்கிலாந்து அணியின் நிரந்தர கேப்டனாக 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அமெச்சூர் பணமே தொடவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். ரயில் கட்டணமும் ஓட்டல் செலவும் கிடைத்தன. அதற்கு மேலும் வழிகள் இருந்தன. அன்றைய மிகப் புகழ்பெற்ற ஆட்டக்காரரும் அமெச்சூருமான டபிள்யூ. ஜி. கிரேஸுக்கு 1895-இல் பொதுமக்களிடமிருந்து திரட்டிக் கொடுத்த நிதி 9,000 பவுண்டைத் தாண்டியது. அடுத்த ஆண்டே, சர்ரேயின் சொந்த மைதானமான லண்டன் ஓவலில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நடந்த டெஸ்டுக்கு முன்பு, ஐந்து தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஒரு டெஸ்டுக்கு 10 பவுண்ட் போதாது, 20 பவுண்ட் வேண்டும் என்று கேட்டார்கள். அதில் நால்வர் சர்ரே ஆட்டக்காரர்கள். மூவர் பின்வாங்கி ஆடினார்கள். பின்வாங்காதவர்களில் ஒருவர், சர்ரேயின் ஜார்ஜ் லோமன், இங்கிலாந்துக்காக அதன்பின் ஆடவே இல்லை. ஆக 1909-இல் நடந்ததற்கு அதே மைதானத்தில், அதே கிளப்பில், 13 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முன்னோட்டம் இருந்தது. ஆட்டக்காரர் அணிக்குள்ளிருந்து ‘முடியாது’ என்று சொல்வதை அந்தக் கிளப் ஏற்கெனவே ஒருமுறை அனுபவித்திருந்தது.

சொத்து இல்லாத அமெச்சூருக்கு இன்னொரு வழி உத்தியோகம். கிளப் செயலாளர் பதவி கொடுத்து, அதற்குச் சம்பளமும் கொடுத்து, ஆட்டத்துக்குக் கூலி இல்லை என்று கணக்கு எழுதுவார்கள். நம் ஆட்டக்காரரின் அண்ணனே லெஸ்டர்ஷயர் கவுண்டியில் அப்படிச் செயலாளராகச் சேர்ந்து ஆடியவர். பள்ளி ஆசிரியர் வேலை இன்னும் கௌரவமானது. ஆனால் இங்கிலாந்தில் அதில் ஒரு சிக்கல் உண்டு. கிரிக்கெட் பருவம் மே முதல் ஆகஸ்ட் வரை. பள்ளி ஜூலை கடைசி வரை நடக்கும். அதனால் ஆசிரியர்கள் ஆகஸ்டில் மட்டும் கவுண்டி அணிக்குள் வருவார்கள். மே மாதம் முதல் ஆடிக் களைத்த தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் அவர்களுக்காக இடம் விட்டு உட்காருவார். அவருக்கு அந்த வாரம் ஆட்டக் கூலி கிடைக்காது. இந்தக் கசப்பையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் மேலே படிக்க வேண்டும்.

ஆட்டக்காரர்

1886 டிசம்பரில், சர்ரேயில் கூல்ஸ்டன் அருகே கேன் ஹில் மனநல மருத்துவமனை வளாகத்தில் பிறந்தவர். தந்தை அங்கே குருவானவர். கென்ட் அணிக்கு ஆடியவரும்கூட. அண்ணன்மார் இருவரும் முதல்தர ஆட்டக்காரர்கள். குடும்பத்தில் கிரிக்கெட் இருந்த அளவுக்குச் சொத்து இருக்கவில்லை. குருவானவரின் சம்பளத்தில் வளர்ந்த பிள்ளைகள்.

ரெப்டன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே, 1904-இல், 17 வயதில் சர்ரே அணிக்குள் வந்தார். கண்ணாடி அணிந்து ஆடியவர். நடுத்தர வேகத்தில் ஆஃப் ஸ்பின் போடுவார். பந்து தரையில் பட்டதும் சட்டென்று திரும்பும். மட்டையைப் பிடித்தால் அடித்து ஆடுகிற ரகம். 1906 ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க்கில் இங்கிலாந்துக்காக முதல் டெஸ்ட் ஆடியபோது வயது 19 ஆண்டுகள் 32 நாட்கள். இங்கிலாந்தின் மிக இளைய டெஸ்ட் ஆட்டக்காரர் என்ற அந்த இடம் 1949-இல் பிரையன் குளோஸ் வரும்வரை அவரிடமே இருந்தது. 1906 பருவத்தில் 1,000 ரன்னும் 100 விக்கெட்டும் எடுத்தார். அந்த வயதில் அதற்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை. அடுத்த ஆண்டும் அதையே செய்தார். கிரிக்கெட் ஆண்டு நூலான விஸ்டன் 1907-இல் அவரை அந்த ஆண்டின் ஐந்து சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது.

1907–08 ஆஸ்திரேலியத் தொடரை இங்கிலாந்து 4–1 என்று இழந்தது. தோற்ற அணியில் அதிக விக்கெட் எடுத்தவர் இவர்தான்: 30 விக்கெட், சராசரி 24.73. இரண்டு ஆண்டுகளில் 12 டெஸ்ட். பன்னிரண்டாவது முடிந்தபோது வயது 21. பதின்மூன்றாவது வரவே இல்லை.

1909 கோடையில் காணக்கிடைத்தவை

அந்தக் கோடையில் மான்டி நோபிள் தலைமையில் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்து வந்திருந்தது. சர்ரேயுடன் ஓவலில் ஆட்டம். கவுண்டி கேப்டன் அந்த ஆட்டத்தில் ஆடவில்லை. அடுத்து யார் என்றால், அணியில் ஒழுங்காக ஆடும் அமெச்சூர்களில் மூத்த தகுதி நம் இளைஞருக்குத்தான். அதனால் அவரைக் கேப்டனாக இருக்கும்படி கேட்டார்கள்.

ஆனால் அணியை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. நிர்வாகக் குழு தேர்ந்தெடுத்திருந்தது. அதில் முக்கியமான தொழில்முறை ஆட்டக்காரர்கள் சிலர் இல்லை. காயமோ ஆட்டத் திறன் குறைந்ததோ காரணம் அல்ல. ஒழுங்கு நடவடிக்கையாக அவர்களை விலக்கியிருந்தார்கள். அந்தப் பருவத்தில் சர்ரேயில் நிர்வாகத்துக்கும் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் இடையே உரசல் இருந்தது. பருவத்தின் மிகப் பெரிய ஆட்டத்தில் அவர்களை உட்கார வைப்பதை நிர்வாகம் ஒரு பாடமாகக் கருதியிருக்க வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது, ஒழுங்கு நடவடிக்கையின் சுமை யார் தலையில் விழுந்தது என்பதுதான். தண்டித்தது நிர்வாகம். அந்தத் தண்டனையால் பலவீனமான அணியோடு, ஆயிரக்கணக்கானோர் பார்க்க, ஆஸ்திரேலியர்களை எதிர்கொள்ள வேண்டியவர் 22 வயதுத் தற்காலிக கேப்டன். தோற்றால் ஏடுகளில் அவர் பெயர்தான் வரும். தண்டனை பற்றி அவரிடம் யாரும் முன்கூட்டிக் கலந்து பேசவில்லை.

எடுக்கப்பட்ட முடிவுகள்

முதல் முடிவு அவருடையது. இப்படிப்பட்ட அணிக்குத் தலைமை தாங்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

தொழிலாளர்களுக்காகக் கொடி பிடித்த இளைஞர் என்று அவரை வரைந்துகாட்ட ஆசையாகத்தான் இருக்கிறது. பிற்காலத்தில் சிலர் அப்படியே சொல்லவும் செய்தார்கள். ஆனால் பதிவான காரணம் அவ்வளவு தூரம் போவதில்லை. தன்னிடம் தரம் குறைந்த அணி கொடுக்கப்படுகிறது என்பதே அவர் குறை. தண்டனை நியாயமா, அநியாயமா என்று அவர் வாதாடியதாகச் சொல்ல முடியாது. அது அவருடைய நிலையைக் கொஞ்சம் பலவீனப்படுத்தியது என்பது என் கருத்து. ‘தண்டனையின் விளைவுக்கு நான் பொறுப்பேற்க மாட்டேன், வேறொருவர் தலைமையில் சாதாரண ஆட்டக்காரனாக ஆடுகிறேன்’ என்று நின்றிருந்தால், நிர்வாகத்துக்கு அவரைத் தள்ளிவைப்பது இவ்வளவு சுலபமாக இருந்திருக்காது. 22 வயதில், நாலு நாள் அவகாசத்தில், அப்படி அளந்து பேச எத்தனை பேரால் முடியும் என்பது வேறு கேள்வி.

இரண்டாவது முடிவு நிர்வாகக் குழுவுடையது. இவரை இனி சர்ரேக்கு ஆட அழைப்பதில்லை.

இந்தத் தீர்மானம் எங்கிருந்து வந்தது? கோபத்திலிருந்து என்று சொல்லிவிட்டு நகரலாம். நான் அதோடு விடத் தயாரில்லை. தொழில்முறை ஆட்டக்காரர் தவறு செய்தால் கிளப்பிடம் பல அளவில் தண்டனைகள் இருந்தன. கூலியில் பிடிக்கலாம். சில வாரம் நிறுத்தி வைக்கலாம். பருவ முடிவில் தரும் ஊக்கத்தொகையைக் குறைக்கலாம். நன்மதிப்பு ஆட்டத்தின் (நெடுநாள் ஆடியவருக்காக நடத்தும் ஆட்டம்) வசூல் என்ற பெரிய வாக்குறுதியைக் கண்ணெதிரே தொங்கவிடலாம். எல்லாவற்றுக்கும் ஒரு முடிவுத் தேதி உண்டு. அது முடிந்ததும் ஆள் திரும்பி வருவார்.

அமெச்சூரிடம் இவற்றில் ஒன்றும் செல்லாது. அவருக்குக் கூலி இல்லை, பிடிப்பதற்கு. ஒப்பந்தம் இல்லை, நிறுத்துவதற்கு. அவருக்கும் கிளப்புக்கும் நடுவே இருந்தது ஒரே ஓர் அஞ்சல் அட்டை: ‘இன்ன தேதியில் ஆட வர இயலுமா?’ என்ற அழைப்பு. கோபம் வந்தால் அந்த அட்டையை அனுப்பாமல் விடலாம். அதைவிடச் சின்ன தண்டனை எதுவும் அந்த அமைப்பில் இல்லை. அழைப்பை நிறுத்துவதற்குக் கால வரம்பும் கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. கனவானுக்கு உரிமை என்று எதுவும் எழுதி வைக்கத் தேவையில்லை என்று எல்லோரும் நினைத்ததால், உரிமை தேவைப்பட்ட நாளில் அவர் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

இதுதான் இந்த நிகழ்வில் நான் கண்ட முக்கியமான விஷயம். கூலிக்காரனைவிட மேலானவன் என்று நினைக்கப்பட்டவருக்கு, கூலிக்காரனுக்கு இருந்த பாதுகாப்புகூட இருக்கவில்லை. தீர்மானத்துக்கு முன் அவரை நேரில் அழைத்து விசாரிக்கும் ஏற்பாடும் இல்லை. ஏனென்றால் விசாரணை என்பது வேலைக்காரர்களுக்கு உரியது.

அடிலெய்ட்: ஆசிரியர் வேலை

வேறு கவுண்டிக்குப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். அன்றைய விதிப்படி, பிறந்த கவுண்டி அல்லாத ஒன்றுக்கு ஆட அங்கே முதலில் குடியிருந்து தகுதி பெற வேண்டும். சொத்தில்லாத இளைஞர் ஆட்டமும் வருமானமும் இல்லாமல் அந்தக் காலத்தைக் கழிப்பது எப்படி?

அடிலெய்ட் நகரின் செயின்ட் பீட்டர்ஸ் கல்லூரி அவரை ஆசிரியராக ஏற்றது. பெயர் கல்லூரி என்றாலும் அது ஆண்பிள்ளைகள் பள்ளி. 1909–10 பருவத்திலேயே தெற்கு ஆஸ்திரேலிய மாநில அணிக்கு ஆடத் தொடங்கினார்.

இந்த ஏற்பாடு ஏன் வேலை செய்தது என்று பார்த்தால், காரணம் மிக எளியது: நாட்காட்டி. ஆஸ்திரேலிய மாநில அணிகளுக்கு இடையிலான போட்டியான ஷெஃபீல்டு ஷீல்டில் அப்போது மூன்று மாநிலங்கள்தான். ஒவ்வொன்றும் மற்ற இரண்டோடு சொந்த மண்ணில் ஒன்று, வெளியே ஒன்று என்று ஆட, ஒரு பருவத்துக்கு நான்கே ஷீல்டு ஆட்டங்கள். அவற்றில் முக்கியமானவை கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஒட்டி வரும். அது பள்ளியின் நீண்ட கோடை விடுமுறை. சர்ரேயில் வாரத்துக்கு இரண்டு ஆட்டம், மாதக்கணக்கில். அங்கே ஆசிரியர் வேலையும் கவுண்டி கிரிக்கெட்டும் ஒன்றாகப் போகாது. அடிலெய்டில் போனது. இங்கிலாந்தில் அமெச்சூர் என்ற நிலையைக் காப்பாற்ற உத்தியோகம் ஒரு வேஷமாகத் தேவைப்பட்டது. ஆஸ்திரேலியாவில் அதே உத்தியோகம் நிஜமான பிழைப்பாக இருக்க இடம் இருந்தது. பள்ளிப் பையன்களுக்குப் பந்து போடக் கற்றுக்கொடுக்க 30 டெஸ்ட் விக்கெட்டோடு ஆஸ்திரேலியாவை விட்டுப் போனவரே திரும்பி வந்தார் என்றால், அந்தப் பள்ளிக்குக் கிடைத்தது சாமானியமான ஆசிரியர் அல்ல.

அவர் ஆடிய ஆண்டுகளில் தெற்கு ஆஸ்திரேலியா 1909–10, 1912–13 என இரண்டு முறை ஷீல்டை வென்றது. 1911–12-இல் இங்கிலாந்து அணி ஆஸ்திரேலியா வந்து 4–1 என்று தொடரை வென்று போனது. முந்தைய தொடரில் இங்கிலாந்தின் முதல் பந்துவீச்சாளராக இருந்தவர் அதே நாட்டில் பள்ளிக்கூடத்தில் இருந்தார். அந்த அணிக்கு அவர் தேவைப்படவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். சிட்னி பார்ன்ஸும் ஃபிராங்க் ஃபாஸ்டரும் போட்ட பந்தில் ஆஸ்திரேலியா நிலைகுலைந்து போயிருந்தது. ஆக, இங்கிலாந்து இழந்தது என்ன என்று வெற்றி தோல்விக் கணக்கில் மட்டும் தேடினால் விடை கிடைக்காது. இழந்தவர் அவர். 22 முதல் 27 வரை, ஓர் ஆல்ரவுண்டரின் உடலும் அறிவும் ஒன்றுசேரும் ஆண்டுகளில், வாழ்க்கையின் பெரிய மேடை அவருக்கு மூடியிருந்தது.

நியூசிலாந்து

1914 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர்கள் அடங்கிய அணி ஒன்றோடு நியூசிலாந்து சென்றார். டெமூகா என்ற சிற்றூரில் தெற்கு கேன்டர்பரியின் பதினைந்து பேர் கொண்ட அணிக்கு எதிராக 354 ரன் எடுத்தார்: 14 சிக்ஸர், 45 பவுண்டரி. ஆஸ்திரேலிய மட்டையாளர் விக்டர் டிரம்பரோடு சேர்ந்து 69 நிமிடங்களில் 298 ரன். நோபிளோடு ஒன்பது நிமிடத்தில் 50. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஓவலில் எதிரணிக் கேப்டனாக வந்திருந்தவர் அதே நோபிள்தான். எதிரணி பலவீனமானது, முதல்தர ஆட்டமும் அல்ல. ஆனாலும் அந்த எண்களைப் படிக்கும்போது, இந்தக் கை 27 வயதில் எங்கே அடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற கேள்வி எழாமல் போவதில்லை.

அடிலெய்டு ஏற்பாடும் நிலைக்கவில்லை. பணம் தொடர்பான பிணக்கு வந்தது. அவர் நியூசிலாந்தின் ஒடாகோ மாகாணத்துக்கு மாறி அங்கே ஆடினார். உலகப் போரின் பிற்பகுதியில் நியூசிலாந்து ராணுவத்தில் சேர்க்கப்பட்டார்.

இரண்டாவது பிணக்கைக் காட்டி, ‘பார்த்தீர்களா, ஆளே சண்டைக்காரர்தான்’ என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. ஆசிரியராக, பயிற்சியாளராக, மாநில அணி ஆட்டக்காரராக ஒருவர் மூன்று வேலை செய்கிறார். ஆனால் ஊதியம் ஆசிரியர் என்ற ஒரே பெயரில் வருகிறது. இப்படி இருக்கும் இடத்தில் எது எதற்கு, யார் யாருக்குத் தர வேண்டும் என்பதில் குழப்பம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அமெச்சூர் என்ற பட்டத்தைக் காப்பாற்ற ஆட்டக் கூலியை வெளிப்படையாக எழுத முடியாது. எழுதாததைக் கேட்கவும் முடியாது.

1919: திரும்பி வந்தது

போர் முடிந்து இங்கிலாந்து வந்தபோது வயது 32. சர்ரேயுடன் சமரசம் ஏற்பட்டது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஓவலில் இறங்கினார்.

ஆஸ்திரேலியப் படைவீரர்களின் அணிக்கு எதிரான ஆட்டத்தில் சர்ரேயின் முதல் விக்கெட்டுகள் மளமளவென்று விழுந்தன. இவர் ஆட்டமிழக்காமல் 144. கடைசி ஆட்டக்காரரான டாம் ரஷ்பி வந்து சேர்ந்தபோது ஃபாலோ ஆனை (உடனே மறுபடி மட்டைபிடிக்க வேண்டிய நிலையை) தவிர்க்க இன்னும் ரன் தேவை. அந்தக் கடைசி ஜோடி 35 நிமிடங்களில் 80 ரன் சேர்த்தது. அதில் ரஷ்பியின் பங்கு 2. அதே பருவத்தில் கென்டுக்கு எதிராக, மங்கிய வெளிச்சத்தில், 42 நிமிடத்தில் 95 ரன் எடுத்தால் வெற்றி என்ற நிலை. ஜாக் ஹாப்ஸும் இவரும் இறங்கி 32 நிமிடங்களில் முடித்தார்கள். ஹாப்ஸ் தொழில்முறை ஆட்டக்காரர், இவர் அமெச்சூர். ஆடுகளத்தின் நடுவில் அந்த வேறுபாடு ஒரு ரன்னைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

ஆனால் முழுநேரமாகத் திரும்ப முடியவில்லை. இப்போது பிழைப்புக்குத் தொழில்துறையில் வேலை. 1921 வரை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில ஆட்டங்கள், அதோடு முடிந்தது. முதல்தர கிரிக்கெட்டில் 9,488 ரன், 815 விக்கெட். சர்ரேயில் அவர் தொடர்ந்து ஆடிய காலம், பள்ளி விடுமுறைகளையும் சேர்த்து, 1904 முதல் 1909 வரையிலான ஆறு கோடைகளுக்குள் அடங்கிவிட்டது. அவர் 1963 மே மாதம், 76 வயதில் இறந்தார். அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவையே இங்கிலாந்து கிரிக்கெட் நிர்வாகம் ஒழித்தது 1962 நவம்பரில். அவர் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பு.

என்ன மாறியிருக்க வேண்டும்

அணியைத் தேர்ந்தெடுப்பது குழுவின் உரிமை என்றே வைத்துக்கொள்வோம். தண்டிப்பதும் அதன் உரிமை. ஆனால் ஒழுங்கு நடவடிக்கையை அணித் தேர்வு வழியாக நிறைவேற்றும்போது, அன்றைய கேப்டனிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அனுமதி கேட்கச் சொல்லவில்லை. காரணத்தைச் சொல்லி, ‘இது எங்கள் முடிவு, ஆட்டத்தின் விளைவுக்கு நாங்கள் பொறுப்பு’ என்று நிர்வாகம் தன் பெயரில் அறிவித்திருந்தால், அந்த இளைஞர் மறுப்பதற்கான காரணத்தில் பாதி அங்கேயே தீர்ந்திருக்கும்.

மறுப்பு வந்த பிறகும் வழி இருந்தது. ஓர் ஆட்டத்துக்கு வேறொருவரைக் கேப்டனாக்குவது பெரிய காரியமல்ல. அந்தப் பருவம் முழுவதும் அழைப்பதில்லை என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அடுத்த ஏப்ரலில் பேசிக்கொள்ள இடம் இருந்திருக்கும். முடிவுத் தேதி இல்லாத தண்டனை இரு தரப்பையும் பூட்டிவிட்டது. கிளப் இறங்கி வந்தால் தோற்றதாகும். அவர் இறங்கி வந்தால் மன்னிப்புக் கேட்டதாகும். பத்து ஆண்டும் ஓர் உலகப் போரும் கடந்துதான் யாரும் தோற்காமல் கைகுலுக்க முடிந்தது. இன்றைய மாவட்டச் சங்கங்களிலும் கிளப்களிலும் ‘மறு உத்தரவு வரும்வரை’ என்று எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அவரும் எழுத்தில் மூன்று வரி வைத்திருக்க வேண்டும்: தலைமையை மறுக்கிறேன், ஆட்டத்தை மறுக்கவில்லை, எந்தக் கேப்டனின் கீழும் ஆடத் தயார். கீழ்ப்படியாதவர் என்ற சொல்லை அவர்மேல் ஒட்ட முடியாதபடி அது செய்திருக்கும்.

பள்ளி வேலை பற்றி ஒரு வார்த்தை. சம்பளம் கொடுக்க விருப்பமில்லாத அல்லது விதி இடம் கொடுக்காத இடங்களில் விளையாட்டு வீரர்களை ஆசிரியர், எழுத்தர், பயிற்சியாளர் என்று பணியில் அமர்த்துவது இன்றும் பல நாடுகளில் நடக்கிறது. அது தவறென்று சொல்லமாட்டேன். எத்தனையோ பேருக்கு அதுதான் சோறு போடுகிறது. ஆனால் வகுப்பு நேரம் எவ்வளவு, பயிற்சி எவ்வளவு, ஆட்டத்துக்கான விடுப்பு எத்தனை நாள், அந்த விடுப்புக்குச் சம்பளம் உண்டா, காயம் பட்டால் வேலை தொடருமா, அணியிலிருந்து நீக்கினால் பள்ளி வேலையும் போகுமா என்று ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக நியமன ஆணையில் எழுத வேண்டும். கடைசிக் கேள்விக்கான பதிலை, கையெழுத்துப் போடுவதற்கு முன், ஆட்டக்காரர் வாய்விட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.